சிவப்புக்கு முந்தின நாட்கள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டாய்க்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு சாய்ப்பு இருந்தது. சுவரில் சாய்த்துக் கட்டின மூங்கில், மேலே பனை ஓலை, தரையில் சாணி மெழுகல். உள்ளே ஒரு கோரைப்பாய், ஒரு அலுமினியத் தட்டு, ஒரு லோட்டா. வீட்டுக்குத் தூரமான பெண் மூன்று நாள் அங்கேதான் இருக்க வேண்டும். அப்புறம் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். அந்த வீட்டில் தூரமாகிற வயதில் இருந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே சாய்ப்பு எனக்கே எனக்கு. கல்யாணமாகி வந்த புதிதில், நமக்கென்று ஒரு தனி அறை இல்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

பாகூர் ஏரிக்கரையை ஒட்டின ஊர் அது. எழுபதுகளின் கடைசி வருஷங்கள். நான் பிறந்தது கரையாம்புத்தூர் பக்கம். வாக்கப்பட்டு வந்த வீட்டில் மூன்றே பேர்: என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான். அவர் பாண்டியில் பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு. மாமியார் ஒரு மாட்டையும் கொஞ்சம் நிலத்தையும் என்னையும் மேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றில் மாடுதான் சொன்ன பேச்சைக் கேட்டது.

எனக்கு மாதவிலக்கு மற்றவர்களுக்கு வருகிற மாதிரி வராது. நன்றாக வருவதற்கு நாலைந்து நாள் முன்பே துணியில் ஒரு கறை படும். புளி கரைத்த தண்ணீர் தெறித்த மாதிரி பழுப்பாக, கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. மறுநாள் ஒன்றும் இருக்காது. அதற்கு மறுநாள் இன்னொரு பொட்டு. அப்படிக் கண்ணாமூச்சி ஆடிவிட்டு, பிறகு ஒரு நாள் சிவப்பாக வரும். என் பிறந்த வீட்டில் சொட்டு என்றாலும் ஒன்றுதான், குடம் என்றாலும் ஒன்றுதான். பட்டுவிட்டால் பட்டதுதான். அதனால் முதல் பொட்டைப் பார்த்ததும் நேராக மாமியாரிடம் போய் நிற்பேன்.

"அத்தே, நான் தூரம்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, போ" என்பார். இந்த மாதமும் இல்லை என்கிற எரிச்சல் அது என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கும் எரிச்சல்தான். ஏதோ நான் வேண்டுமென்றே செய்கிற மாதிரி என்ன முகம் அது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கம் போவேன்.

ஊரில் மற்ற பெண்களுக்கு மூன்று நாள் என்றால் எனக்கு ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். பாவம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சாய்ப்பு எனக்குப் பிடித்திருந்தது. பானையைத் தொடக்கூடாது, நெல்லைத் தொடக்கூடாது, மாட்டைக்கூடத் தொடக்கூடாது என்றால் வேறென்ன செய்வது? படுத்துக்கொண்டே இருப்பேன். ஓலை இடுக்கு வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கிப் பாயின் மேல் நகரும். தூரத்தில் பம்புசெட்டு ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். ஏரியிலிருந்து காற்று வரும். அதில் சேறும் அல்லியும் கலந்து வாசனை அடிக்கும். கண் பாதி மூடியிருக்கும். தூக்கமா விழிப்பா என்று எனக்கே தெரியாது.

அப்படிப் படுத்திருக்கும்போது ஒரு கனவு அடிக்கடி வந்தது. ஏரித் தண்ணீர் மெல்ல வீட்டுக்குள் வந்துவிடும். வெள்ளம் இல்லை, கணுக்கால் அளவுதான். யாரும் பதற மாட்டார்கள். மாமியார் தண்ணீரில் நின்றபடியே அரிசி களைந்துகொண்டிருப்பார். சொம்பும் முறமும் மிதந்து போகும். நான் மட்டும் எங்கே உட்காருவது என்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லா அறையும் நன்றாக வெளிச்சமாக இருக்கும். கண் விழித்தால் பாயில்தான் இருப்பேன், கன்னத்தில் கோரையின் வரி பதிந்திருக்கும்.

பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். ஏரிக்கரைக்குப் புல்லறுக்கப் போகிற பெண்களுக்கு எங்கள் கொல்லைப்புறம்தான் வழி. நான் சாய்ப்பில் இருப்பதைப் பார்த்தாலே தெருவுக்குத் தெரிந்துவிடும். ஒருத்தியும் வாயைத் திறந்து கேட்க மாட்டாள். நடை மட்டும் கொஞ்சம் மெதுவாகும். ஒருத்தி மட்டும், "இன்னா, குந்திக்கினியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஆமாம், மகாராணிக்குப் பட்டாபிஷேகம் என்று சொல்ல வாய் வரும். சொன்னதில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பேன். எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். அதற்கு மேல் உலகத்தில் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சுற்ற வேண்டிய கோயிலை எல்லாம் சுற்றின பிறகு பாண்டியில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். முதலில் என் வீட்டுக்காரருக்குப் பரிசோதனை. ஒன்றும் குறை இல்லை என்று சீட்டு வந்தது. அன்று பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் அவர் வழக்கத்துக்கு மேல் ஒரு தோசை சாப்பிட்டார். பிறகு என் முறை. ஏதோ மருந்தை உள்ளே செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். உயிர் போய் உயிர் வந்தது. குழாய் இரண்டும் திறந்துதான் இருக்கிறது என்றார்கள். நான் தோசை சாப்பிடுகிற நிலைமையில் இல்லை.

"வந்த அஞ்சாம் நாள்லருந்து இந்த மாத்திரையைச் சாப்பிடும்மா. அதுக்கப்புறம் நான் சொல்ற நாள்ல ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும். நாள் தவறக்கூடாது" என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எப்ப வந்துச்சு?" நான் சாய்ப்பில் போய் உட்கார்ந்த நாளைச் சொல்வேன். அதுதானே நாள்? வேறு எதைச் சொல்வது? அவரும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொள்வார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருப்பார்கள்.

டாக்டரம்மா சொன்ன நாட்கள் எப்போதும் ராத்திரி ஷிப்டு வாரத்தில்தான் வந்து தொலையும். என் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு ஷிப்டு மாற்றிக் கேட்பார். வீட்டில் கூரை மாற்றுகிறோம் என்று ஒரு தடவை. மாடு கன்று போடப் போகிறது என்று ஒரு தடவை. எங்கள் மாடு அந்த ஒரே வருஷத்தில் மூன்று தடவை கன்று போட்டது. நாலாவது தடவை மேஸ்திரியே, "போய்யா, போய் மாட்டைப் பாத்துக்கோ" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாராம். மில் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. அவர் அதை வீட்டில் வந்து சொல்லும்போது காதெல்லாம் சிவந்திருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. ஒவ்வொரு மாதமும் மாத்திரை, நாள், நம்பிக்கை, பொட்டு, சாய்ப்பு.

ஒரு நாள் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் மாத்திரை வாங்கப் போயிருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். வில்லியனூர் கடைத்தெருவில் அவர் வீட்டுக்காரருக்குப் பாத்திரக்கடை. கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகிறது, என்னை மாதிரியே காத்திருக்கிறவர். மடியிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் பாதியைக் கொட்டினார். ஆஸ்பத்திரி பெஞ்சில் பெண்கள் பேசுகிற பேச்சுக்கு முன்னுரை கிடையாது.

"எனக்கு இன்னாடான்னா, வர்றதுக்கு முன்னாடியே துளித்துளியா பட்டுக்கினே இருக்கும்மா. தொழுவுறதா வேணாமான்னு மாசாமாசம் இதே ரோதனை."

எனக்குக் கடலை தொண்டையில் அடைத்துக்கொண்டது. உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்.

"எனக்கும் அப்டித்தான்க்கா. பட்ட அன்னிக்கே கொல்லையில போய் குந்திக்குவேன். அதுலருந்து அஞ்சாம் நாளு மாத்திரை."

அவர் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார். "எதுலருந்து?"

"பட்டதுலருந்து."

"ஐயோ, இன்னாம்மா நீ! பட்டதெல்லாம் இதுல கணக்கு இல்ல. நல்லா செவப்பா வருது பாரு, அந்த நாளுதான் மொத நாளு. எனக்கு இதே கொழப்பம் வந்து டாக்டரம்மாவையே நேரா கேட்டுட்டேன். தொழுவுறதுக்கு பள்ளிவாசல் அஸ்ரத்து வூட்டம்மாவ கேட்டேன், மாத்திரைக்கு டாக்டரம்மாவ கேட்டேன். ரெண்டும் வேற வேற கணக்கும்மா. நீ ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கினியே."

வராந்தா ஜன்னலில் வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது. என் ஒரு வருஷத்து நாட்கள் எல்லாம் நாலைந்து நாள் முன்னாலேயே போய் நின்று, யாரும் வராத பஸ் ஸ்டாப்பில் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கின்றன. அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அது பொல்லாதது, எங்கே வைப்பது என்று தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப நான் மாத்துன ஷிப்டெல்லாம்?"

"போச்சு."

"மாடு கன்னு போட்டது?"

"அதுவும் போச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வர இரண்டு பேரும் சிரித்தோம். கிருமாம்பாக்கம் தாண்டினதும் சிரிப்பு நின்றுபோனது. அவர் மடியிலிருந்த துணிப்பையின் அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர் வரும் வரைக்கும் விடவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் பொட்டு விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லலை?"

"வர்றது இப்டித்தான் ஆரம்பிக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேங்க. நீங்களும் கேக்கலீங்க."

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னையே கொஞ்சம் கோபித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அதன் பிறகு ரத்தம் எடுத்தார்கள், கர்ப்பப்பையிலிருந்து நகக்கண் அளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றும் தெரியவில்லை. கட்டி இல்லை, புண் இல்லை, மருந்தால் தீர்க்கிற மாதிரி எதுவும் இல்லை. "சில பேருக்கு இப்படி இருக்கும்மா. காரணம் தெரியலை" என்றார். காரணம் தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. எங்கள் தெருவில் ஒவ்வொருத்தியிடமும் ஒரு காரணம் இருந்தது. ஒருத்தி நாகதோஷம் என்றாள், ஒருத்தி நான் அதிகமாகப் பேசுவதால் என்றாள்.

பொட்டை நிறுத்திப் பார்க்கலாம் என்று மாதத்தின் பின்பாதிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்ட மாதங்களில் நான் எங்கே இருந்தேன் என்று இப்போதும் எனக்குச் சரியாக நினைவில்லை. அப்படி ஒரு தூக்கம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது நின்றபடியே கண் சொக்கும். ஏரிக்கரையில் நடந்தால் கால் தரையில் பாவாத மாதிரி இருக்கும். பனைமரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கும். எது மரம், எது நிழல் என்று பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். சூரியன் இறங்கிவிட்டிருக்கும். மாமியார் கரை மேல் நின்று கூப்பிடுகிற சத்தம் எங்கேயோ வேறு ஊரிலிருந்து கேட்கிற மாதிரி கேட்கும். ஒரு தடவை சோறு வடித்த கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றுவதற்குப் பதில் கிணற்றில் ஊற்றிவிட்டேன். மாமியார் திட்டவில்லை. என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்போதும் பொட்டு நிற்கவில்லை. டாக்டரம்மா அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். "பட்டா பட்டுட்டுப் போவுது, விடு. நீ சிவப்பை மட்டும் எண்ணு" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு கணக்கு. பொட்டு பட்டால் வீட்டுக் கணக்குப்படி சாய்ப்பு. சிவப்பு வந்தால் டாக்டர் கணக்குப்படி முதல் நாள். பொட்டை மட்டும் மாமியாரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசிக்காமல் இல்லை. பயம்தான். தீட்டோடு விளக்கேற்றினால் அம்மன் அந்தக் கோபத்தை என் வயிற்றின் மேல்தான் காட்டுவாள் என்று பயம். பிள்ளை வேண்டும் என்று ஒரு பக்கம் மாத்திரையை விழுங்குகிறவள், இன்னொரு பக்கம் எப்படி அந்தத் துணிச்சலைச் செய்வாள்? ஆகவே மாதாமாதம் போய் நின்று சொன்னேன். மாமியார் முகமும் மாதாமாதம் ஒரு மாதிரி ஆனது.

அந்த வருஷம் மார்கழி நடுவில் பொட்டு பட்டது. வழக்கம்போலச் சொன்னேன், வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். சிவப்புக்காகக் காத்திருந்தேன். மறுநாளும் பொட்டுதான். அப்புறம் அதுவும் இல்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

பனிக்காலம். விடிந்து வெகுநேரம் வரைக்கும் ஏரியும் தெரியாது, கரையும் தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும். அதற்குள் எங்கேயோ மாட்டின் கழுத்து மணி மட்டும் நடந்து போகும். நான் சாய்ப்பில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்ணினால் கேட்டுக்கொண்டு வந்துவிடுமோ என்று இருந்தது. மனசுக்குள் ஒரு வார்த்தை எழும்பி வரும். அதை உடனே அமுக்கிவிடுவேன். வேறு எதையாவது நினைப்பேன். ஓலையை மாற்ற வேண்டும், மாட்டுக்குப் புதுக் கயிறு வாங்க வேண்டும் என்று ஏதேதோ. வயிற்றின் மேல் கை வைக்கக்கூடப் பயமாக இருந்தது.

வீட்டில் வேறு சங்கடம். பொங்கல் வந்துகொண்டிருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, புதுப்பானை வந்தாயிற்று. மருமகள் மட்டும் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறாள். எப்போது தலைக்கு ஊற்றிக்கொள்வது? சிவப்பு வந்து மூன்றாம் நாள் ஊற்றிக்கொள்ள முறை இருக்கிறது. வந்தும் வராமல் உட்கார்ந்திருப்பவளுக்கு எங்கள் ஊரில் முறையே இல்லை. யாருக்கும் தேவைப்பட்டதில்லை போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் கிணற்றடி வரைக்கும் வந்து, பல் துலக்குகிற சாக்கில் என்னைப் பார்த்துவிட்டுப் போவார். அவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் பனிக்குள்ளிருந்து மாமியார் வந்தார். எப்போதும் காபியைச் சாய்ப்புக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார், நான் எடுத்துக்கொள்வேன். அன்றைக்குக் குனிந்து உள்ளே வந்தார். வந்து என் பாயிலேயே உட்கார்ந்தார். நான் பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அத்தே, தீட்டு. பாயைத் தொட்டுட்டீங்க."

"கெடக்குது" என்றார். காபியை என் கையிலேயே கொடுத்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"எனக்கும் இப்டித்தான்டி பட்டுக்கினு இருக்கும். வர்றதுக்கு முன்னாடி நாலு நாளு, அஞ்சு நாளு. பழுப்பா."

லோட்டா என் கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது? சோறாக்குவேன். வெளக்கு வெப்பேன். ஆடி மாசத்துல அம்மனுக்கு ஊத்துற கூழுப்பானைய இடுப்புல தூக்கிக்கினு தெருவோட போயிருக்கேன். அவ ஒண்ணும் கேக்கல. செவப்பா வந்தப்பறம்தான் இங்க வந்து குந்துவேன். உன் வூட்டுக்காரன் பொறந்தது அப்டித்தான்."

எனக்குத் தலையிலிருந்து கால்வரை பற்றி எரிந்தது. மாமியார் என்றும் பார்க்கவில்லை, கத்தினேன்.

"அப்ப இத்தன வருசமா என்ன எதுக்கு இங்க குந்த வெச்சீங்க? போறவ வர்றவள்லாம் என்னப் பாத்து உச்சுக் கொட்டிட்டுப் போனாளே! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவரும் கத்தினார்.

"நீ வந்து சொன்னியேடி! மாசாமாசம் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு சொன்னியே! காதுல வுழுந்தப்பறம் நான் இன்னா பண்றது? உன்ன தூரத்துல பாக்கறப்பவே சொல்லாத, சொல்லாதன்னு உள்ளுக்குள்ள அடிச்சிப்பேன். நீ வந்து டக்குனு சொல்லிப்புடுவ. சொல்லிட்டா அது தீட்டு. அப்பறம் எப்டி உள்ள வுடறது?"

அப்போதுதான் எனக்கு அந்த முகம் புரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொள்கிற முகம். வருஷக்கணக்காக அதைத் தப்பாகப் படித்திருக்கிறேன். என் நேர்மையைப் பற்றி எனக்கு இருந்த கர்வமெல்லாம் அந்தச் சாணித் தரையில் கொட்டிப் போனது. அவர் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, "வா உள்ள. குளிக்கறதெல்லாம் ஒண்ணும் வேணாம். பச்சத்தண்ணி ஒத்துக்காது" என்றார். அவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று தெரிந்தது. நான் அழுதுவிட்டேன்.

பொங்கல் கழித்து டாக்டரம்மாவிடம் போனோம். மூத்திரப் பரிசோதனை. உட்காரச் சொல்லிவிட்டு, "ஆமாம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சுவர், மேஜை, மின்விசிறி எல்லாம் அந்தந்த இடத்தில்தான் இருந்தன. நான் மட்டும் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ ஒருவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் பஸ்ஸில் வந்திருந்தோம்.

சந்தோஷம் பத்து நாள்கூட நிலைக்கவில்லை. ஒரு காலையில் துணியில் பொட்டு. அதே பழுப்பு. இத்தனை வருஷம் மாதத்துக்கு மாதம் பார்த்த கறைதான். அன்று அதைப் பார்த்தபோது வந்த நடுக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டாக்டரம்மா ஒரு ஊசி போட்டார். படுத்தே இரு, நடக்காதே என்றார். நிற்குமா என்று கேட்டேன். "சிலது நிக்கும், சிலது நிக்காது. சிவப்பா வந்தா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். இந்தத் தடவையும் காரணம் தெரியவில்லை.

மாமியார் எனக்குப் படுக்கை போட்டது உள்வீட்டில், சாமி விளக்குக்குப் பக்கத்தில். அந்த வீட்டில் இருக்கிறதிலேயே காற்றோட்டமான இடம் அதுதான். அங்கே நான் கறைபட்ட துணியோடு படுத்திருந்தேன். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. சாம்பிராணிப் புகை மேலே போய் ஓட்டு இடுக்கில் மெதுவாக நுழையும். அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். பகல் எது, மாலை எது என்று தெரியாமல் நாட்கள் நகர்ந்தன. உள்ளே இருக்கிறது தூங்குகிறது, நான் அசைந்தால் விழித்துவிடும் என்று ஒரு நினைப்பு. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

என் துணியை மாமியாரே துவைத்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன், தட்டிவிட்டார். தினம் காலையில் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருப்பேன். "பழுப்புதான்" என்று குரல் வரும். அன்றைய நாளுக்கு அது போதும். அந்த ஒரு வார்த்தைக்காக ஒருத்தி இப்படி ஏங்குவாள் என்று யாராவது முன்னே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு நாள் அவர் வாசற்படியில் வெகுநேரம் நின்றார். குரல் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். வெளிச்சத்தில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. துணியைத் திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"இன்னா அத்தே? செவப்பா?"

திரும்பி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

"இன்னிக்கி ஒண்ணுமே இல்லடி" என்றார்.

ஆவணியில் எனக்குப் பெண் பிறந்தாள். மழை வருகிற மாதிரி மூட்டமாக இருந்த ஒரு நாள். குழந்தையைத் துணியில் சுற்றி மாமியார் கையில் கொடுத்தார்கள். அவர் அதை ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு போய், குனிந்து அதன் காதில் என்னவோ சொன்னார். அரை மயக்கத்தில் கிடந்த எனக்கு அது சாமி பெயராக இருக்கும் என்று தோன்றியது. இருந்தாலும் கேட்டேன்.

"எல்லாத்தையும் எல்லாராண்டயும் போய் சொல்லிக்கினு நிக்காதன்னு சொன்னேன்" என்றார்.